பாட வீடியோ எடுக்கும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிதாகச் சில ஆசிரியர்கள் பாட வீடியோ எடுக்க இறங்குகிறார்கள். எடிட்டிங்குக்கு உதவி கேட்டு வருகிறார்கள். ஆட்கள்தான் புதியவர்கள், தவறுகள் நான் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள். போனைக் குறுக்காகப் பிடிக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். உழைப்பையே வீணாக்கும் ஒரு தவறு இருக்கிறது. முதலில் அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மூல வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிடுவது

"வாட்ஸ்அப்ல போட்டுட்டேன் சார், பாருங்க."

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வாட்ஸ்அப் உங்கள் வீடியோவை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அனுப்பும்போதே அதைச் சுருக்கிவிடுகிறது. 1080பி-யில் எடுத்தது சாதாரணமாக 480பி அளவுக்கு இறங்கிவிடும் (இந்த எண் குறையக் குறையப் படத்தின் தெளிவும் குறையும்). ஹெச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் 720பி-தான். போன் திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். வகுப்பில் புரொஜெக்டரில் போடும்போதுதான் கரும்பலகை காட்டிக்கொடுக்கும்.

சுருக்கும்போது பெரிய உருவங்கள் தப்பித்துவிடும். முதலில் அடிபடுவது சின்னச் சின்ன விவரங்கள். கல்யாண வீடியோவில் அது போனால் யாரும் கவனிக்கப் போவதில்லை. நம் வேலையோ அந்தச் சின்ன விவரங்களில்தான் இருக்கிறது. தமிழ் வகுப்பில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து 'கண்' என்று எழுதியது 'கண' என்று தெரிகிறது. கணக்கில் 2.5 என்பது 25 ஆகிவிடுகிறது. கழித்தல் குறி சாக்பீஸ் தூசியோடு கலந்துபோகிறது. வேதியியலில் கந்தக அமிலத்தின் வாய்பாட்டில் கீழே இருக்கும் சிறு எண்களைப் படிக்கவே முடிவதில்லை.

ஒரு கணித ஆசிரியர், பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டை அவ்வளவு நிதானமாக நடத்தியிருந்தார். ஒவ்வொரு படியையும் பலகையில் எழுதி, நிறுத்தி, கேள்வி கேட்டு மேலே போகிறார். அவர் அனுப்பிய கிளிப்பில் அடுக்காக எழுதிய 2 வெறும் வெள்ளைப் பொட்டாக இருந்தது. "சார், ஒரிஜினல் அனுப்புங்க" என்றேன். "போன்ல இடமில்லைன்னு அன்னைக்கே அழிச்சுட்டேனே சார்" என்றார்.

எடிட்டிங்கில் 'ஷார்ப்' கூட்டினால் விளிம்புகள் முறுக்கேறுமே தவிர, போன எழுத்து திரும்பாது. இப்போது ஏஐ வைத்துத் தெளிவாக்கலாமே என்கிறார்கள். அது இல்லாத இடத்தை ஊகித்து நிரப்புகிறது. முகத்தில் ஊகம் செய்தால் போகட்டும் என்று விடலாம். பலகையில் இருக்கும் 3-ஐ 8 என்று ஊகித்தால் மங்கலாக இருந்ததே தேவலை என்றாகிவிடும்.

அந்தக் கணித ஆசிரியராவது இன்னொரு நாள் நின்று மறுபடி நடத்த முடிந்தது. ஓர் அறிவியல் ஆசிரியை அவரை விதை முளைப்பதைத் தினமும் ஒரே இடத்தில் போனை வைத்துப் படம் எடுத்தார். அன்றன்றைய கிளிப்பை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புவார், போனில் அழித்துவிடுவார். எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வரிசையாக வைத்துப் பார்த்தால், முளைவேரில் வேர்த்தூவிகள் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு மங்கல்தான் இருந்தது. அந்த விதையோ அதற்குள் செடியாகிவிட்டது. முதலிலிருந்து விதை ஊறப்போட வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியது சிரமமே இல்லை. வாட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டுமென்றால் கேலரி வழியாக அனுப்பாமல், இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' என்பதன் வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும். 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 100 எம்பி பிடிக்கும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். அப்படிப் பார்த்தால் 15 நிமிடப் பாடம் அந்த வரம்புக்குள் வந்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் தருவதும் நல்ல வழி. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். கூகுள் போட்டோஸ் 'ஸ்டோரேஜ் சேவர்' அமைப்பில் இருந்தால் அங்கே ஏறுவதும் சுருங்கிய நகல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். எடிட் செய்பவர் அதே பள்ளியில் இருந்தால் இவ்வளவு எதற்கு? கேபிளைச் செருகி நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம்.

பென் டிரைவில் தருபவர்களுக்கு ஒன்று: 'ஃபைல் ரொம்பப் பெரிசு' என்று கம்ப்யூட்டர் மறுத்தால் இடம் போதாமல் இல்லை. பழைய ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் கையில் இருப்பது மூலமா நகலா என்று சந்தேகம் வந்தால் பெயரைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியாக வந்த வீடியோவின் பெயர் 'விஐடி' என்று தொடங்கும், தேதிக்குப் பின்னால் 'டபிள்யூஏ' என்று இருக்கும்.

அழிப்பதை எப்போது செய்யலாம்? முடிந்த வீடியோவை ஏற்றி, பெரிய திரையில் ஒருமுறை முழுதாகப் பார்த்த பிறகுகூட அவசரப்பட வேண்டாம். யூடியூபில் ஏற்றிய வீடியோவில் தவறு இருந்தால் வெட்டி எடுக்கலாம். ஆனால் அதே லிங்க்கில் வேறு வீடியோவை மாற்றி வைக்க முடியாது. திருத்தியதைப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், திருத்துவதற்கு மூலம் வேண்டும். பாடத்திட்டம் மாறும்வரை அந்த மூலத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள்.

ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் எடுத்துப் போவது

வீட்டில் எடிட் செய்து, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். திறந்தால் 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறது. அந்த ஃபைலில் வீடியோ கிடையாது. எந்த கிளிப் எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியிருக்கிறோம் என்ற குறிப்பு மட்டும்தான். பாடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கிளிப், ஆடியோ, படம், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே அதற்குள் வையுங்கள். ஃபோல்டரோடு எடுத்துப் போங்கள்.

கரன்ட் போகும் ஊரில் எம்பி4-இல் ரெக்கார்டு செய்வது

ஸ்லைடைக் காட்டிப் பேசி, திரையைப் பதிவு செய்பவர்கள் பலரும் ஓபிஎஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண எம்பி4 ஃபைலில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரன்ட் போனால் அதுவரை பேசியது முழுவதும் திறக்காத ஃபைலாகிவிடும். எம்கேவி என்ற இன்னொரு ஃபைல் வகையில் பதிவு செய்தால் கரன்ட் போன நொடிவரை எடுத்தது கிடைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

மின்விசிறி

நிறுத்திவிட்டு எடுங்கள்.

வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

தொடக்கத்தில் சரியாக இருக்கும்; பத்து நிமிடம் தாண்டியதும் குரல் முந்தும் அல்லது பிந்தும். வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைப் பல போன்கள் கூட்டிக் குறைக்கின்றன. எடிட்டிங் மென்பொருள் ஒரே சீராக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. டைம்லைனில் குரலைத் துண்டு துண்டாக நகர்த்தி ஒரு நாளை வீணாக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, அந்த நகலை வைத்து எடிட் செய்யுங்கள்.

ட்யூப்லைட் பட்டை

வீடியோவில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதற்குக் காரணம் விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். கேமராவின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தி வையுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சினிமாப் பாட்டு பின்னணியில்

வேண்டாம். காப்புரிமைக் கோரிக்கை வரும். பாடம் நடக்கும்போது எந்த இசையும் தேவையும் இல்லை.

உடைந்த தமிழில் தலைப்பு

'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் தலைப்போடு எத்தனையோ வீடியோக்கள் வெளியாகின்றன. தமிழ் ஆசிரியர்களின் வீடியோவிலும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பிரீமியர் புரோவில் பிரிஃபரன்சஸுக்குப் போய் கிராபிக்ஸ் பகுதியில் 'சவுத் ஏசியன்' எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். உங்கள் மென்பொருளில் அப்படி வசதி இல்லையென்றால் பவர்பாயின்ட்டில் தலைப்பைத் தட்டி, படமாகச் சேமித்து, அந்தப் படத்தை டைம்லைனில் வையுங்கள். எழுத்து உடைய வழியே இல்லை.

கேட்காமல் மாணவர் முகத்தைக் காட்டுவது

வகுப்பில் எடுக்கும் முன்பே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தலைமையாசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரே ஒரு பெற்றோர் மறுத்தாலும் அந்தப் பிள்ளை ஃபிரேமுக்குள் வரக் கூடாது. பிள்ளைகளின் பின்பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் விழாது. அதற்காகக் கடைசி பெஞ்சுக்கே போய்விட வேண்டாம், பலகை எழுத்து சிறுத்துவிடும்; இரண்டாவது பெஞ்சுக்குப் பின்னால், நடுவழியில் ஸ்டாண்டை வையுங்கள்.