மரம் ஏறாமல், தரையில் உட்கார்ந்தே வில்லால் மான் வேட்டை: பென்சில்வேனியாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தக் குறிப்புகள் அமெரிக்காவில், அதிலும் பென்சில்வேனியாவில், உரிமம் வாங்கி முறைப்படி வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கு. இங்கே ஓநாயும் மலைச்சிங்கமும் 19ஆம் நூற்றாண்டோடு ஒழிந்துவிட்டன, மான்கள் பெருகிக் காட்டில் முளைக்கிற ஓக் கன்றுகளைத் தலைதூக்கவே விடாமல் மேய்ந்துவிடுகின்றன. அதனால் எந்தப் பகுதியில் எத்தனை பெண்மான் எடுக்கலாம் என்பது வரை மாநிலமே கணக்குப் போட்டுத்தான் உரிமம் கொடுக்கிறது.

வில் வேட்டைக்காரர்களில் பெரும்பாலானோர் மரத்தில் இருபது அடி உயரத்தில் ஸ்டாண்ட் என்கிற சின்ன மேடை ஒன்றைக் கட்டி உட்காருவார்கள். மானின் கண் மட்டத்துக்கு மேலே இருக்கலாம், மனித வாடையும் கொஞ்சம் தலைக்கு மேலாகப் போய்விடும், காரணம் அவ்வளவுதான். ஆனால் வேட்டையில் அடிபடுபவர்களில் நிறையப் பேர் அந்த ஸ்டாண்டிலிருந்து விழுந்தவர்கள். தரையில் அந்த ஆபத்து இல்லை, முதுகில் சுமக்க இரும்பு இல்லை, காற்று திரும்பினால் எழுந்து இடம் மாறிக்கொள்ளலாம். அதற்கு விலையும் உண்டு: மான் உங்களை நேருக்கு நேர் பார்க்கும், உங்கள் வாடை நேராக அதன் மூக்குக்குப் போகும். என்னைக் கேட்டால், தரை வேட்டையில் குறி பார்ப்பது சின்ன விஷயம். காற்றைப் படிப்பதும், மான் பார்க்காத நொடியில் நாணை இழுப்பதும்தான் கற்றுக்கொள்ள வேண்டியவை.

உரிம வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதல்முறை உரிமம் வாங்குபவர்கள் மாநில கேம் கமிஷன் (வேட்டையைக் கவனிக்கும் அரசுத் துறை) நடத்தும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும். பொது உரிமத்தோடு வில்லுக்கென்று தனி உரிமம், கொம்பில்லாத மானுக்குப் பகுதிவாரியாக இன்னொன்று. கொம்புள்ள மானுக்கு 2002லிருந்து கிளைக் கணக்கு உண்டு, கொம்பில் குறைந்தபட்சக் கிளைகள் இல்லாத இளம் ஆண்மானைத் தொடக்கூடாது. வில் பருவம் பொதுவாக அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை, சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கமிஷன் வெளியிடும் விதித் தொகுப்பை அந்தந்த ஆண்டு படித்தே ஆக வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை, ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் என்ற பொதுநிலம் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர். இன்னொன்று, மத்திய சட்டத்தில் வில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை. வேலை விசாவில் இருந்துகொண்டு துப்பாக்கி விதிகளை நினைத்துத் தயங்குபவர்கள் வில்லில் தொடங்க இதுவும் ஒரு காரணம்.

வில் எது என்று கேட்டால், தொடக்கத்துக்குக் காம்பவுண்ட் வில் என்பேன். இரு முனையிலும் கப்பி வைத்த வில் அது. இழுக்க 60 பவுண்டு பலம் கேட்கும் வில்லை முழுதாக இழுத்ததும் கப்பிகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், இப்படிக் குறைவதுதான் லெட்-ஆஃப், அது 80 சதவீதம் என்றால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும்போது இழுத்த நாணோடு காத்திருக்க இது பெரிய உதவி. கப்பியில்லாத ரிகர்வ் வில் அழகானது, எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைப் பழக இரண்டு மூன்று கோடைகாலம் ஒதுக்க மனம் வேண்டும். துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவும் இங்கே சட்டப்படி சரி. எந்த வில்லானாலும் நீளத்தைப் பாருங்கள், தரையில் உட்கார்ந்தால் வில்லின் கீழ் நுனி முழங்காலிலோ மண்ணிலோ இடிக்கும். காம்பவுண்டுக்கும் ரிகர்வுக்கும் மாநிலக் குறைந்தபட்ச இழுவை 35 பவுண்டு, பிராட்ஹெட் என்கிற கத்தி போன்ற வேட்டை அம்பு முனையின் வெட்டு அகலம் குறைந்தது ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. இழுவை அதிகம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வில்லை மேலே தூக்கி ஆட்டாமல், நெஞ்சுக்கு நேராக மெதுவாக இழுக்க முடிகிற பாரம் எதுவோ அதுதான் உங்கள் பாரம்.

பயிற்சி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, வட்டப் பலகையில் எய்கிறார்கள். காட்டில் அப்படி ஒரு நிலையே வராது. குட்டை முக்காலியில் உட்கார்ந்து எய்யுங்கள், ஒரு முழங்கால் ஊன்றி எய்யுங்கள், இடுப்பை மட்டும் திருப்பி எய்யுங்கள், எல்லாவற்றையும் வேட்டைக்குப் போடுகிற அதே தடித்த ஜாக்கெட்டோடு செய்யுங்கள், ஏனென்றால் நாண் சட்டைக் கையில் உரசினால் அம்பு எங்கோ போகும். பருவம் தொடங்கும் முன் பிராட்ஹெட் மாட்டியும் எய்து பாருங்கள், பயிற்சி முனை போகிற இடத்துக்கே அதுவும் போகும் என்று நினைக்காதீர்கள். தூரம் என்று பார்த்தால் தரையில் 20 கெஜம் போதும், 15 இன்னும் நல்லது.

அடுத்தது எங்கே உட்காருவது. அக்டோபரில் ஓக் மரம் தேடுங்கள். அதிலும் வெள்ளை ஓக். இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், முனை கூர்ந்து முள்போல மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது உதிரும்போது மான் மற்றதை விட்டுவிட்டு அங்கேதான் வரும். மரத்தடியில் குந்திப் பாருங்கள்: கடித்து உடைந்த மூடிகள், ஈரம் காயாத கருப்புப் புழுக்கை, சருகைக் கிளறிய தடம் மூன்றும் சேர்ந்திருந்தால் இரண்டு நாளுக்குள் மான் வந்திருக்கிறது. கொட்டை மட்டும் முழுதாகக் கிடந்தால் வேறு மரம் பாருங்கள். சோளம், உப்பு போட்டு மானை இழுப்பது மாநிலத்தின் பெரும்பகுதியில் சட்டவிரோதம். நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் கணக்கு மாறிவிடும், இணை சேரும் பருவம், ஆண்மான்கள் பகலிலேயே அலையும். அப்போது உணவை விட, பெண்மான்கள் படுக்கும் புதர்களுக்கு இடையே போகும் ஒற்றையடித் தடங்கள்தான் முக்கியம்.

இனி காற்று. மானுக்குக் கண்ணை ஏமாற்றலாம், காதை ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை முடியாது. வாடை போக்கும் சோப்பு, ஸ்ப்ரே எல்லாம் கடையில் நிறைய இருக்கின்றன, நான் அவற்றை நம்புவதில்லை. காற்று மான் வரும் பக்கத்திலிருந்து உங்கள் முகத்துக்கோ, குறுக்காகவோ வர வேண்டும், அவ்வளவுதான். செய்தித்தாளிலோ செயலியிலோ மேற்குக் காற்று என்று போட்டிருப்பதை வைத்து மலைச்சரிவில் உட்காராதீர்கள். வெயில் ஏறும்போது சரிவிலிருக்கும் காற்று சூடாகி மேலே போகும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் காலையில் மானுக்கு மேல் பக்கமும், மாலையில் கீழ்ப் பக்கமும் இருப்பது நல்லது. இதைப் பார்க்க மில்க்வீட் பஞ்சைப் போல ஒரு கருவி கிடையாது. அது நம்ம ஊர் எருக்கின் குடும்பம், காய் வெடித்தால் அதே மாதிரிப் பட்டுப் பஞ்சு வரும். ஒரு இழையை விடுங்கள், முப்பது நாற்பது கெஜம் வரை கண்ணுக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் இடதுபுறம் போன பஞ்சு, ஓடைப் பள்ளத்துக்கு மேலே போனதும் சட்டென்று திரும்பி நீங்கள் எதிர்பார்க்கும் தடத்துக்கே போவதைப் பார்ப்பீர்கள். பார்த்தால் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம். எவ்வளவு நல்ல இடமானாலும் எழுந்து போய்விடுங்கள்.

ஒளிவதைப் பற்றிச் சொன்னால், முன்னால் இருக்கும் மறைப்பை விட முதுகுக்குப் பின்னால் இருக்கும் மறைப்பு முக்கியம். வேரோடு சாய்ந்த பெரிய மரம், அதன் மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு, தாழ்ந்த கிளை விட்ட ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம், இப்படி உங்கள் உருவக்கோட்டை விழுங்குகிற ஏதாவது பின்னால் இருக்கட்டும், நிழலில் உட்காருங்கள். பொதுநிலத்தில் கிளை வெட்டக்கூடாது, விழுந்து கிடப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும். முகத்தையும் கையையும் மூடுங்கள், இருட்டுக் காட்டில் அசையும் வெளிர்க் கை தூரத்திலிருந்தே தெரியும். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் எடுபடாது, நீலம் நன்றாகத் தெரியும். ஆகவே நீல ஜீன்ஸ் வேண்டாம், துணியைப் பளிச்சென்று காட்டும் சலவைத் தூளும் வேண்டாம். ஆரஞ்சுப் பட்டை ஒன்றைப் பக்கத்து மரத்தில் கட்டுவதில் மானைப் பொறுத்தவரை நஷ்டமில்லை, அதே காட்டில் துப்பாக்கியோடு முயலுக்கோ அணிலுக்கோ வந்தவர்களுக்கு நீங்கள் இருப்பது தெரியும். வில் பருவத்தில் பெரும்பாலும் இது கட்டாயமில்லை, ஆனாலும் தரையில் இருப்பவர் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

துணிக் கூடாரம் போன்ற பிளைண்ட் வாங்கினால், இரண்டு வாரம் முன்பே நட்டு மான்களைப் பழக விடுங்கள். உள்ளே கருப்புச் சட்டை போட்டு, பின்பக்க ஜன்னல்களை மூடி, துணியிலிருந்து தள்ளி உட்காருங்கள். குழந்தையைக் கூட்டிப் போவதாக இருந்தால் இதுதான் சரி.

சரி, மான் வந்துவிட்டது. எப்போது இழுப்பது? தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது, அல்லது அது வேறு பக்கம் பார்க்கும்போது. தலை குனிந்ததும் இழுக்க ஆசையாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். சந்தேகப்பட்ட மான் குனிவது போல நடித்துச் சட்டென்று நிமிரும், முன்னங்காலால் தரையைத் தட்டும். வால் தளர்ந்து இரண்டு தடவை ஆடி, காதுகள் பின்னாலோ பக்கவாட்டிலோ திரும்பியிருந்தால் நிஜமாகவே மேய்கிறது. பாதி இழுக்கும்போது அது உங்களைப் பார்த்துவிட்டால் அப்படியே உறைந்து நில்லுங்கள், நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். கூட்டமாக வந்தால் மூத்த பெண்மானை மட்டும் கவனியுங்கள், அதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

எய்யலாமா என்ற முடிவு இதைவிடப் பெரியது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது பின்பக்கம் கொஞ்சம் உங்களை நோக்கித் திரும்பி விலகிப் போகும் கோணத்தில் இருக்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்று விளிம்பிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. விலகிய கோணம் என்றால், அந்தப் பக்கத்து முன்னங்காலில் போய் முடிகிற மாதிரி குறி வையுங்கள். தரையிலிருந்து போகும் அம்பு மட்டமாகப் போவதால் நுழையும் துளையும் வெளியேறும் துளையும் ஒரே உயரம். இரண்டும் உயரமாகப் பட்டால் இரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கும், தடம் கிடைக்காது. தாழ்வாகக் குறி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 20 கெஜத்தைக் கடக்க அம்புக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும், நாணின் சத்தம் அதற்கு வெகுமுன்னே போய்ச் சேரும், மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். நேராக உங்களைப் பார்த்து நிற்கும் மானை எய்யாதீர்கள். உங்கள் பக்கம் கோணலாக வரும் மானையும் எய்யாதீர்கள், தோள் எலும்பு அம்பை நிறுத்திவிடும், மான் காயத்தோடு போய் எங்கோ நாள்கணக்கில் துடிக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மரத்திலிருந்து எய்தால் மண்ணே அம்பை வாங்கிக்கொள்ளும், தரையில் அப்படி இல்லை, மேடோ சரிவோ பின்னால் இருக்க வேண்டும். நடுவில் பென்சில் தடிமன் குச்சி இருந்தாலும் அம்பு திசை மாறும்.

எய்தபின் எழுந்து ஓடாதீர்கள். கடைசியாக மான் தெரிந்த இடத்தை ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் குறியுங்கள், காதைத் தீட்டிக் கேளுங்கள். பிறகு அம்பைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருந்து போனால் நூறு கெஜத்துக்குள் பெரும்பாலும் கிடைக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு ஐந்து மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தாலோ, மான் முதுகை வளைத்துக் கூனிப் போயிருந்தாலோ, குடல். அப்போது சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போய் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். விரட்டாவிட்டால் அது பக்கத்துப் புதரிலேயே படுத்து அங்கேயே இறக்கும், விரட்டினால் மைல்கணக்கில் போய்விடும், யாருக்கும் கிடைக்காது. தடம் அறுந்தால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேடித் தருபவர்கள் இருக்கிறார்கள், இங்கே அதற்கு அனுமதி உண்டு. எய்தவருக்கு அந்த மானைத் தேடும் கடமை உண்டு, இருட்டிவிட்டது, மழை வருகிறது என்று விட்டுவிடக்கூடாது.

மான் கிடைத்ததும் நகர்த்தும் முன் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும், பத்து நாளுக்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். குடலை உடனே எடுத்து உடலைக் குளிர விடுங்கள். பென்சில்வேனியாவில் 2012லிருந்து மான்களின் மூளையைத் தின்னும் சிடபிள்யூடி நோய் இருக்கிறது. நோய் மேலாண்மைப் பகுதியிலிருந்து தலை, முதுகெலும்பு போன்றவற்றை வெளியே கொண்டு போகத் தடை, இலவசப் பரிசோதனைக்குத் தலையைப் போடப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கறி அதிகமென்றால் ஹண்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு மூலம் உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் இங்கே சர்வசாதாரணம்.

மானுக்கு முன் அணிலில் தொடங்குங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன். அதன் பருவம் செப்டம்பரிலேயே திறந்துவிடும். மொட்டை முனை அம்போடு, சருகு ஈரமாக இருக்கும் காலையில், மூன்று அடி வைத்து ஒரு நிமிடம் நின்று, மறுபடி மூன்று அடி என்று நகர்ந்து பாருங்கள், மெதுவாகப் போவது என்றால் என்ன என்று உடம்புக்குப் புரியும். அணில் கிடைக்காத நேரத்தில் மக்கிய அடிமரங்களில் எய்து தூரத்தைக் கண்ணளவில் பழகலாம். வான்கோழிக்கு மட்டும் இந்தப் பதுங்கல் கூடாது. வசந்தப் பருவத்தில் இங்கே அதைக் கூப்பிட்டு வரவழைத்துத்தான் எய்யலாம், மறைந்து நெருங்குவது சட்டவிரோதம், ஏனென்றால் புதருக்குள் கேட்கும் வான்கோழிக் குரல், அதைப் போலக் கூப்பிடும் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம்.