நிமோனியா என்றால் சளி இல்லை: இந்தச் சொல்லில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்று கற்பூரவல்லிச் சாறு பிழிந்து கொடுப்போம். எங்கள் அப்பாயிக்கும் அப்படித்தான் கொடுத்தோம். காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. நான்காம் நாள் ராத்திரி, செத்துப்போன தாத்தாவைக் கூப்பிட்டு "வயல்ல தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னி கண்டிருக்கிறது என்றார்கள் பக்கத்து வீட்டில். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் நிமோனியா என்றார். "சளி முத்திப்போச்சுங்களா?" என்று சித்தப்பா கேட்டார்.

முக்கியமான தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நிமோனியா என்ற சொல்லுக்குள் சளியும் இல்லை, குளிரும் இல்லை. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அந்த மொழியில் 'ப்னெயுமோன்' என்றால் நுரையீரல். கடைசியில் இருக்கும் 'இயா' நோயையோ நிலையையோ குறிக்கும் விகுதி. ஆக, நுரையீரல் நோய் என்பதுதான் நேர்ப்பொருள். நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பெயர் சொல்கிறது, எதனால் வந்தது என்பதைச் சொல்லவில்லை. பாக்டீரியாவால் வரலாம், வைரஸால் வரலாம், பூஞ்சையாலும் வரலாம். 'நிமோனியா கிருமி' என்று ஒரே கிருமி இருப்பதுபோல் பேசுவது அதனால்தான் தப்பு.

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. கிரேக்கத்தில் 'ப்னெயுமா' என்றால் காற்று, மூச்சு. நிமோனியா நேராக அதிலிருந்து பிறந்தது என்று எழுதிவிடுகிறார்கள். காற்றடைத்த டயரைச் சொல்லும் 'நியூமேட்டிக்' அந்த வழியில் வந்ததுதான், சரி. ஆனால் நுரையீரலுக்குக் கிரேக்கத்தில் இருந்த பழைய வடிவம் 'ப்லெயுமோன்', லகரத்தோடு. லத்தீனின் 'புல்மோ' அதற்கு உறவு. நுரையீரல் மருத்துவத்தைச் சொல்லும் 'பல்மோனாலஜி' அங்கிருந்து வந்ததுதான். மூச்சு விடும் உறுப்பாயிற்றே, அதனால் மூச்சுக்கான சொல்லின் சாயல் ஏறி லகரம் னகரமாகிவிட்டது. பழைய சொல்லின் வேருக்கு 'மிதத்தல்' என்ற பொருள் இருந்திருக்கும் என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து.

நுரையீரலுக்கும் மிதப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வாளித் தண்ணீரைப் பாருங்கள். கல்லீரல் போட்டவுடன் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆட்டு நுரையீரல் இளஞ்சிவப்பாக மேலே மிதந்துகொண்டே இருக்கும். விரலால் அமுக்கினால் பஞ்சுபோல் அமுங்கும், வெட்டிய இடத்தில் நுரை வரும். கிரேக்கர்கள் மிதப்பைப் பார்த்திருக்கிறார்கள், நம் ஆட்கள் நுரையைப் பார்த்து நுரையீரல் என்றார்கள். ஆங்கிலத்தின் 'லங்' என்ற சொல்கூட 'லேசானது' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததுதான். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து கறிக்கடை வாளியைத் தாண்டிப் போகவே மனசு வராது.

நிமோனியாவில் பறிபோவது அந்த நுரைதான். காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடுகின்றன. அந்தக் காலத்து மருத்துவர்கள், இந்நோயில் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, நுரையீரலின் அந்தப் பகுதி கெட்டியாகிக் கல்லீரல் மாதிரியே இருந்தது. தண்ணீரில் போட்டால் மூழ்கியது. மருத்துவத்தில் அதற்கு 'ஹெபடைசேஷன்', அதாவது கல்லீரலாக மாறுதல் என்றே பெயர்.

இந்தப் பொருள் மனசில் ஏறிவிட்டால் நெஞ்சில் தைலம் தேய்த்தே சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் போய்விடும். தைலத்தின் வாசனை மூக்குக்கு இதமாக இருக்கலாம், நுண்ணறைச் சீழை அது தொடாது. சளி இளகட்டும் என்று குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும்.

தமிழில் எழுதும்போது சிலர் 'சளிக்காய்ச்சல்' என்று போடுகிறார்கள். அது வேண்டாம், படிப்பவர் ஃப்ளூ என்று நினைத்துக்கொள்வார். நுரையீரல் அழற்சி நல்ல சொல். அழல் என்றால் நெருப்பு, உள்ளே கனன்று வீங்கியிருப்பதை அது சொல்லிவிடுகிறது. நிமோனியா, நியூமோனியா என்று எப்படி எழுதினாலும் பாதகமில்லை. முதலில் உள்ள 'ப்' ஆங்கிலத்தில்தான் ஊமை, பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அதை உச்சரிக்கிறார்கள். அம்மோனியாவுக்கும் இதற்கும் ஓசையைத் தவிர ஒட்டுறவு கிடையாது. அது அம்மோன் என்ற எகிப்தியக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது.

அப்புறம் ஜன்னி. சன்னிபாதம் என்பதன் சுருக்கம் அது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலை என்று பழைய வைத்தியம் சொல்லும். சொல்லில் குற்றமில்லை, ஜன்னி என்று பெயர் வைத்துவிட்டுத் திருநீறு போட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து. வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் புத்தித் தடுமாற்றம் மட்டும் முன்னால் தெரியலாம்.

குழந்தையாக இருந்தால் சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டு நிற்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை.

அப்பாயி ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். விசாரிக்க வந்தவர்களிடம் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "சளி இல்லைங்க. நுரையீரல்ல நுரை நிக்கிற இடத்துல சீழ் கோத்துக்கிச்சாம்."