சின்ன மனைக்கு அனுமதி வாங்கியது: என் அனுபவம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீடு கட்ட நாங்கள் வாங்கிய மனை 6,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஊரின் இன்றைய விதிப்படி 15,000 வேண்டும். கட்டட அனுமதி அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்ததுமே, "விதிவிலக்குக்கு மனு போடுங்கள்" என்றார்கள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. மண், வடிவம், மேடுபள்ளம் என்று அந்த மனைக்கே உரிய சிக்கலைக் காட்ட வேண்டும். மனை சின்னது என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

எங்களைக் காப்பாற்றியது மாநிலச் சட்டத்தின் அத்தியாயம் 40ஏ, பிரிவு 6. குறைந்தது 5,000 சதுர அடியும் 50 அடி சாலை முகப்பும் (சாலையை ஒட்டிய மனையின் நீளம்) இருந்து, பதிவானபோது நடப்பிலிருந்த விதிக்கு மனை பொருந்தியிருந்தால், பின்னால் கூட்டப்பட்ட பரப்பளவு விதி ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்களுடையதைப் போன்ற சின்ன மனைக்கு ஒரு கொக்கி உண்டு: அப்போது பக்கத்து மனையும் அதே ஆள் பெயரில் இருந்திருக்கக் கூடாது.

அதனால் பத்திரப் பதிவகத்தில் உட்கார்ந்து, எங்கள் மனையோடு ஒட்டிய மனைகளின் பழைய பத்திரங்களையும் எடுத்தேன். விதி மாறுவதற்கு முன் கடைசியாகப் பதிவானதுதான் முக்கியம். இடதுபக்க மனைப் பத்திரத்தில் அதே குடும்பப் பெயர்! வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் பார்த்தால் முதல் பெயர் வேறு. அண்ணன் தம்பிகள், தனித்தனியாக வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டு பத்திரங்களின் நகல், பழைய சர்வே வரைபடம், வக்கீலின் ஒரு பக்கக் கடிதம். இவற்றோடு மறுபடி விண்ணப்பித்தேன். விதிவிலக்கு மனு இல்லாமலே அனுமதி வந்தது.