சித்திரையில் பார்த்த மனை

மதுரைக்காரர்கள் மனை பார்க்கக் கிளம்புவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான். பிள்ளைகளுக்கு லீவு, வெளியூர்ச் சொந்தம் வீட்டில் இருக்கும், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் புரோக்கர் காரோடு வந்து நிற்பார். காய்ந்த பொட்டல், வரிசையாக நட்ட கல், அதில் பெயின்ட் அடித்த எண். அந்த மாதத்தில் எந்த மனையைப் பார்த்தாலும் நல்ல மனையாகத்தான் தெரியும். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை பெய்த மறுநாள் அங்கே போய் நிற்பதுதான் சரி. அவ்வளவு நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, அது வேறு விஷயம்.

மச்சானுக்காக ஊருக்குக் கிழக்கே ஒரு இடம் பார்க்கப் போயிருந்தோம். 4 சென்ட், கிழக்குப் பார்த்தது, ஈசானிய மூலை சுத்தம் என்று வாஸ்துக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். மச்சான் முகத்தில் வீடு கட்டி முடித்த களை. நான் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“இது கலுங்குத் தண்ணி போற தடம்ல தம்பி. கம்மா நெறஞ்சா இப்படித்தான் போகும்.”

“கடைசியா எப்பய்யா நெறஞ்சுச்சு?”

“அது ஆச்சு ரொம்ப வருசம். அதுக்காகத் தடம் இல்லேன்னு ஆயிருமா?”

கலுங்கு, அதாவது கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் வழி, எந்தப் பக்கம் பாயும் என்று கம்பை நீட்டிக் காட்டினார். அதுவரை கண்ணில் படாதது அப்புறம்தான் தெரிந்தது. சீமைக்கருவேலம் சிதறிக் கிடக்காமல் ஒரே கோடாக, லேசாக வளைந்து போகிறது. மனையின் தென்கிழக்கு மூலையில், அந்த வெயிலிலும், ஒரு கைப்பிடி கோரை பச்சையாக நிற்கிறது. எல்லைக்கல்லின் அடியில் வண்டல் படிந்து வெடித்திருந்தது.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு. எனவே ‘பக்கத்தில் கண்மாய் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. மனை கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் பரப்பில்) இருக்கிறதா, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரமா, கலுங்குக்குக் கீழேயா, பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்குக் கீழே பழைய வயலா என்று கேட்க வேண்டும். உள்வாய் என்றால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள். கலுங்குக்குக் கீழே என்றால் பத்து வருஷம் ஒன்றும் ஆகாது, பதினோராவது வருஷம் கட்டில் மிதக்கும். தல்லாகுளம், பீபீகுளம், ஆத்திகுளம், கோசாகுளம், உலகனேரி, மேலமடை என்று ஊர்ப்பெயர்களிலேயே குளமும் ஏரியும் மடையும் உட்கார்ந்திருக்கின்றன. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்காலோரத் தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும்.

“பட்டா இருக்குல்ல சார், அப்புறம் என்ன?” என்பார் விற்பவர். பட்டா மட்டும் போதாது. சர்வே எண்ணைப் போட்டால், நிலத்தின் வகையும் உரிமையாளர் பெயரும் உள்ள ‘அ’ பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். வரைபடத்தில் வாய்க்கால், வண்டிப்பாதை ஏதாவது மனைக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவில் பிழைகள் நிறைய. அதற்கு முந்தைய பதிவேட்டில் அந்த இடம் என்னவென்று இருந்தது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குவது நல்லது. பழைய ஏட்டில் கண்மாய்ப் புறம்போக்கு என்று இருந்தால், கையில் பட்டா இருந்தும் கோர்ட்டுக்கு அலைய நேரிடும். ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வில்லங்கச் சான்று 1975-லிருந்து ஆன்லைனில் பார்க்கலாம். கோயில் நிலமா, பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் என்றதும் பலர் கேள்வியை நிறுத்திவிடுகிறார்கள். அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா? பூங்காவுக்கு விட்ட இடத்தைப் பின்னால் மனையாக்கி விற்பதும் நடக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. “பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்ற வார்த்தையை நம்பிப் புது மனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

மண்ணைப் பார்க்காமல் வாங்குவதும் பெரிய தவறு. திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் ஊதும். சாதாரண அஸ்திவாரம் போட்ட வீட்டில் சுவர் மூலைக்கு மூலை விரியும். அங்கே கட்டக் கூடாது என்றில்லை. ஆழமாகப் போக வேண்டும், அல்லது பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) போட வேண்டும். அந்தச் செலவையும் மனை விலையோடு கூட்டிப் பாருங்கள். ‘மலிவு’ எங்கே போச்சு என்று தெரியும். ஒரு ஆளை வைத்து ஐந்தாறு அடிக்குக் குழி தோண்டச் சொன்னால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். செம்மண், அடியில் கெட்டியான சுக்கான் கல் என்றால் நிம்மதி. உடைந்த செங்கல், கட்டடக் கழிவு, பாலித்தீன் வந்தால் அது மூடிய பள்ளம். பழைய செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் ஊரைச் சுற்றி ஏராளம். கையோடு அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் போர் தண்ணீர் கேட்டுக் குடித்துப் பாருங்கள். உப்பா இல்லையா என்று நாக்கு சொல்லிவிடும்.

நாளைக்கு வரப்போவதை நம்பி இன்றைக்கு விலை கொடுப்பது இன்னொன்று. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ‘எய்ம்ஸ் அருகில்’ என்ற பலகை உடனே முளைத்தது, கட்டடம் எழும்பத் தொடங்கியது 2024-ல்தான். இடைப்பட்ட வருஷங்களில் வட்டி கட்டியவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

டவுனுக்குள் பழைய வீட்டை வாங்கி இடித்து மாடி மாடியாகக் கட்டலாம் என்று நினைப்பவர்கள், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். சமணர் மலை, யானைமலை போன்ற இடங்களில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் விமான நிலையத்தை ஒட்டி உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

மண்ணடித்து மேடாக்கிவிட்டால் எல்லாப் பள்ளமும் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆடு மேய்த்த பெரியவர் புண்ணியத்தில் மச்சான் விட்டுவந்த அந்த 4 சென்ட்டை வேறொருவர் வாங்கினார். மூன்று அடி மண்ணடித்து, அதற்கு மேல் பேஸ்மட்டம் போட்டு வீடு கட்டினார். கண்மாய் நிரம்பிய வருஷம் அவர் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. மொத்தமும் எதிர்வீட்டுக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.