4 மடிக்கணினி, 23 பிள்ளைகள்: மலைப் பள்ளியில் கணினி வகுப்பு

கொடைக்கானல் மலையில் பூம்பாறையைத் தாண்டிப் போகும் பாதையில் ஒரு சின்ன ஊர். அங்கே நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஆறு முதல் எட்டு வரை 23 பிள்ளைகள், வேலை செய்யும் மடிக்கணினி 4. முக்கால்வாசி நாள் சிக்னல் இருக்காது. மரம் விழுந்தால் கரண்டும் போய்விடும். கீழிருந்து மாற்றலாகி வருபவர்கள் இதைப் பார்த்ததும் கணினி பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன், உங்கள் பள்ளிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். வந்த வருடமே இரண்டு மடிக்கணினிகளைப் பறிகொடுத்தேன். ராத்திரி முழுக்க இரும்பு பீரோவில் சில்லிட்டுக் கிடந்ததை, பிள்ளைகள் மூச்சில் வெதுவெதுப்பான வகுப்பறைக்குத் தூக்கிவந்து உடனே போட்டுவிடுவேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிற மாதிரி அதற்கும் வியர்க்கும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது காலையிலேயே எடுத்து, பையைத் திறக்காமல் மேசைமேல் வைத்துவிடுகிறேன். மூன்றாம் பீரியடில்தான் திறப்போம். பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன். நீண்ட விடுமுறை வந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டுப் பூட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு மலைப்பூண்டும் எடைக்கல்லும் தெரியும், அங்கிருந்து தொடங்குகிறேன். ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று எழுதி ஐந்து பேர் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு எடைக்கல். "22 கிலோ பூண்டு, எந்தக் கல்லெல்லாம் தட்டில் ஏறணும்?" 16, 4, 2 மூன்றும் முன்னால் வரும், 8-ம் 1-ம் பின்னால் நிற்கும். வந்தவருக்கு 1, நின்றவருக்கு 0 என்று கரும்பலகையில் எழுதினால் 10110. கணினி 22 என்ற எண்ணை வைத்துக்கொள்வது இப்படித்தான். 32 கிலோ கேளுங்கள். ஐந்து கல்லும் ஏறினாலும் 31தான். ஆறாவது அட்டை எவ்வளவு என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது நடை. 1967இல் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் கூட இருந்தவர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் ஒரு ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோடு வரையலாம். எங்கள் பள்ளியில் பிள்ளைதான் ஆமை. கொடிக்கம்பத்தடியில் ஒருவர் நிற்க, மற்றவர்கள் "முன்னால் 5 அடி, வலப்பக்கம் 90" என்று கட்டளை எழுதிக் கொடுப்பார்கள். பின்னாலேயே ஒருவர் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு போவார். இதையே 4 முறை செய்தால் சதுரம். முக்கோணத்தில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். உள்கோணம் 60 என்று கணக்கில் படித்த ஒரு பையன் 60 திரும்பச் சொன்னான். மூன்று தடவை நடந்தும் கொடிக்கம்பம் வந்து சேரவில்லை. நிறுத்தாமல் நடக்கச் சொன்னேன். ஆறு பக்கம் நடந்த பிறகு வந்து சேர்ந்தான், தரையில் இருந்தது அறுகோணம். பிறகு கேட்டேன்: "வத்தலக்குண்டு பஸ் கொண்டை ஊசி வளைவுல எவ்வளவு திரும்புது?" "வந்த பக்கமே பார்க்குது டீச்சர், 180." "கிளம்பின இடத்துக்கே வந்து பழையபடி நிக்க?" "360." "அதுல மூணு திருப்பம்னா?" அந்தப் பீரியட் முழுதும் இதற்கே போனது. போகட்டும். 120 என்று நான் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், அவனுக்குச் சொந்தமாகியிருக்காது.

இதற்குப் பிறகு ஸ்கிராட்ச் திறந்தால் பயமே இருக்காது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. கட்டளைகளைக் கட்டை அடுக்குவதுபோல் அடுக்கலாம். கொடைக்கானல் போகும்போது இணையமில்லாமல் ஓடும் பதிப்பைப் பென் டிரைவில் இறக்கி வந்துவிடுங்கள். பழைய மடிக்கணினியில் புதுப் பதிப்பு ஏறாவிட்டால் 1.4 பதிப்பு ஓடும். கையோடு, இணையமில்லாமல் விக்கிப்பீடியாவைத் திறந்து காட்டும் கிவிக்ஸ் மென்பொருளும் அதில் ஓடும் தமிழ் விக்கிப்பீடியாவும் எடுத்து வந்தால் சிக்னல் இல்லாமலே பிள்ளைகள் தேடிப் படிக்கலாம்.

வாரம் மூன்று பீரியட். 8, 8, 7 என்று மூன்று குழு, ஒரு பீரியடுக்கு ஒரு குழு. மற்றவர்களுக்கு வாசலில் நடையும் காகித வேலையும். ஒரு மடிக்கணினிக்கு இருவர்: டிரைவர், கண்டக்டர். டிரைவர் கையில் மட்டும் மவுஸ். கண்டக்டர் வழி சொல்லலாம், ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. 20ஆவது நிமிடம் விசில் ஊதி இடம் மாற்றுவேன். இந்த விதி வருமுன் பையன்களே மவுஸைப் பிடித்திருந்தார்கள், பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரும் மவுஸைத் தொடக்கூடாது. எனக்குக் கடினமாக இருந்ததும் அதுதான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.

தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுங்கள். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளி தானாக விழும். தமிழில் எழுத ஆங்கில ஒலியை யோசிக்க வேண்டிய அவசியம் பிள்ளைக்கு இல்லை.

எட்டாம் வகுப்புக்கு, கட்டம் கட்டமாக எண் போட்டுக் கணக்கிடும் லிபர்ஆபீஸ் கால்க் மென்பொருளில் பூண்டுக் கணக்கு. வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டைகளின் எடை, கிலோ விலை, அதில் கழியும் கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, கடைசியில் கைக்கு வரும் தொகை. விலைக் கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினால் கடைசிக் கட்டம் தானாக மாறுவதைப் பார்த்ததும் வகுப்பே அமைதியாகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: எண்களை நீங்களே கற்பனையாகக் கொடுங்கள். முதல் தடவை வீட்டுக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பெண் எழுதிய தாளைக் கடைசிவரை என்னிடம் காட்டவில்லை. வீட்டுக் கடன் மற்றவர்கள் பார்க்கும் திரையில் வர வேண்டியதில்லை. சூத்திரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும், சொந்த எண்களை வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார்கள்.