பழைய வேகக் கார் வாங்கும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்

என்னிடம் ஒரு பழைய பாலியோ 1.6 இருக்கிறது. பியட் நிறுவனம் 2001இல் இங்கே இறக்கிய கார், 100 குதிரைத்திறன். இன்று மதுரையில் இன்னொன்று எதிரே வந்தால் நான் ஓரம்கட்டி நின்று பார்ப்பேன். ஹோண்டா சிட்டி விடெக், ஆக்டேவியா ஆர்.எஸ்., 2015இல் வந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ என்று இந்த இனத்தைத் தேடி அலையும் தம்பிகள் அவ்வப்போது எனக்கு போன் செய்கிறார்கள். "அண்ணே, எவ்வளவு போகும்?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நானும் கேட்கவில்லை. வாங்கிய இரண்டாம் வாரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன். ஏறும்போது 18 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டாட்டம். இறங்கும்போது பாதி மலையில் பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். வீடு வரும்வரை மச்சான் பேசவில்லை.

மறுநாள் மாட்டுத்தாவணிப் பக்கத்துப் பட்டறையில் மெக்கானிக் பிரேக் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பியாக இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும். ஆவி அமுங்குமே தவிர அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாது. ஆகவே யார் என்ன சொன்னாலும் வாங்கிய அன்றே ஆயிலை மாற்றுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

பேரம் பேசும் முன்பே செய்யக்கூடிய சோதனை இது. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கல்போல இறுகும். மிதித்தபடியே இன்ஜினை ஓடவிட்டால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால், நம் கால் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரில் கோளாறு. அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர்.

அடுத்து டயர். பூ தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் அளப்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. போன மாதம் திருமங்கலத்தில் ஒரு தம்பிக்காகக் கார் பார்க்கப் போனேன். டயரில் பூ புத்தம் புதிதாக இருந்தது, எண்ணோ 1113. "ஓடவே இல்லை சார், துணி போர்த்தி வைத்திருந்தேன்" என்றார் விற்பவர். அதுதானே கோளாறு! டயர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை, நின்றபடியே ரப்பர் இறுகி வெடிப்பு விடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நான்கு வழிச்சாலையில் அது கிழிந்தால் எந்த ஓட்டுநர் திறமையும் உதவாது. ஆறு ஆண்டு தாண்டிய டயரை நான் நம்புவதில்லை. அளவை அடுத்து வரும் ஆங்கில எழுத்தையும் பாருங்கள்: T என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை, H என்றால் 210. லட்சக்கணக்கில் காருக்குக் கொடுத்துவிட்டு மலிவு டயர் மாட்டுவது, யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது.

அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். புதிய கார்களுக்குக் கட்டாயமானது 2019இல்தான். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் என்பது 2022இல். நாம் தேடும் கார்களில் பல அதற்கு முந்தியவை. சிலவற்றில் சீட் பெல்ட் ஒன்றுதான் துணை. அதை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியைப் பாருங்கள். நாடா அலையலையாக நெளிந்திருந்தாலோ வளையத்தில் உரசித் தீய்ந்திருந்தாலோ, அது ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட். வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏர்பேக் உள்ள கார் என்றால், சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கிக் கோளாற்றை மறைத்திருக்கக்கூடும்.

டிங்கரிங் வேலை தெரிய ஒரு காந்தம் போதும். நசுங்கலை நிரப்பப் பட்டி அப்பிய இடத்தில் ஒட்டாது. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழியில் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மத்திய அரசு 2017இலேயே அதைத் தடை செய்தது. மோதலின் வேகத்தை உறிஞ்ச வேண்டிய முன்பகுதியின் வேலையை அது கெடுக்கும்.

ஆர்.சி. புத்தகத்தில் 15 ஆண்டு முடிந்திருந்தால் புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். அதிலுள்ள இன்ஜின் நம்பரை இன்ஜினில் உள்ளதோடு நேரில் ஒப்பிடுங்கள்.

வேகத்தை மட்டும் சுற்றுச்சாலையில் சோதிக்காதீர்கள். 80இலிருந்து 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வரும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. புது டயரும் புது ஆயிலுமாக அங்கே போகலாம் என்று மச்சானைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.