பழைய கணினியில் திக்காமல் ஓடும் படம்

தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் என் பழைய கணினியில் 1080p தரத்துத் திரைப்படங்கள் திக்கித் திக்கி ஓடின. பேச்சு முன்னே போகும். உதடு பின்னால் வரும். ராம் எனும் நினைவகம் போதவில்லை என்று இரட்டிப்பாக்கினேன். காசு கரைந்ததுதான் மிச்சம்.

கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் படத்தை ஓடவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பிராசஸர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டோ சும்மா இருந்தது. எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட வீடியோவைப் பிரிப்பதற்கென்றே அந்தக் கார்டில் தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதியிடம் வேலையைக் கொடுக்கும் ஹார்டுவேர் டிகோடிங் வசதி பிளேயரில் அணைந்து கிடந்திருக்கிறது! கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்து அந்த வசதியை இயக்கியதும் பிராசஸரின் சுமை 15 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனாலும் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு சின்ன உதறல். இது வேறு நோய். படம் நொடிக்கு 24 பிரேம். திரை 60 முறை புதுப்பிக்கிறது. கணக்கு ஒத்துவராததால் ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் தெரியும். திரையை 24 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 24 முறை புதுப்பிக்கும்படி மாற்றினேன். உதறல் போயே போய்விட்டது. மௌஸ் அம்புதான் இழுபடுகிறது, பரவாயில்லை.

எச்.264க்கு அடுத்து வந்த சுருக்கும் முறையான எச்.இ.வி.சி.யில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் வழியில்லை. 2013இல் வந்த அந்த முறை, என் கார்டுக்குப் பின் பிறந்தது. அவற்றை இரவில் எச்.264ஆக மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.